அம்மா ஏற்றி வந்த மண்

இன்று பெங்களூரு பொம்மனஹள்ளி வீட்டு மொட்டைமாடியில் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த வாளியைத் திறந்ததும், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் ஒக்கலிபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் தோட்டத்தின் வாசம் மூக்கில் ஏறியது. கரித்தூளும் ஜல்லியுமாகக் கிடந்த அந்த இடத்துக்கு அம்மா கோடையில் மட்கிய சாணமும், மழைக்காலத்தில் இலைச்சருகும், பனிக்காலத்தில் புளித்த புண்ணாக்குத் தண்ணீரும் கொடுத்துக் கொடுத்து, கத்தரியும் அவரையும் காய்க்கிற கறுப்பு மண்ணாக்கியிருந்தாள். வீட்டைக் காலி செய்த அன்று, பீரோவை ஏற்றும் முன்பே, அந்த மண்ணைக் கட்டிய மூட்டைகளை லாரியில் ஏற்றச் சொன்னாள்.

"ஏம்மா, மண்ணு எங்க வேணும்னாலும் கிடைக்குமே?" என்றார் லாரி டிரைவர்.

"இது கிடைச்சதில்லண்ணா. நான் சோறு போட்டு வளத்தது."

அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். "எங்க வீட்டுக்கும் ஒரு மூட்டை குடுங்கம்மா."

அம்மா கொடுத்தாள். மீதி மூட்டைகளின் மேல் நான் ராணி மாதிரி உட்கார்ந்து போனேன்.