வெனேரா சித்தி மேல்தளம் ஏறிய நாள்

ஸ்டுட்கார்ட்டில் ரயில் ஏறினால் எங்கள் மிலாஸோவில் இறங்க முப்பது மணி நேரம் ஆகும். ஜெர்மனியில் தரை துடைக்கும் வேலை பார்த்த வெனேரா சித்தி ஒவ்வொரு ஆகஸ்டிலும் அப்படித்தான் ஊருக்கு வருவாள். சுவிஸ் எல்லையில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள் என்று தெரிந்து, மேலாக உள்பாவாடைகளை அடுக்கி வைத்திருப்பாள். காவலர் முகம் சிவந்து மூடிவிட்டுப் போய்விடுவார். அடியில் ஊருக்கான சாக்லேட்டும் சிகரெட்டும் பத்திரமாக இருக்கும்.

தொண்ணூற்று நான்கில் நானும் அவளோடு வந்தேன். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான். ஏறிய உடனே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"பட்டம் வாங்கினவனே, பெட்டியில எழுதியிருக்கிறத படிக்க மாட்டியா? இது அக்கரையில பிரிஞ்சு சிரகூசா போற பெட்டிடா! மிலாஸோவுக்குப் பலெர்மோ பெட்டியில ஏறணும்."

மறுநாள் காலை இத்தாலியின் நுனிக்கு வந்தோம். கடலுக்கு அப்பால் இருக்கும் எங்கள் தீவுக்குப் போக, அங்கே ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் அடித்தளத்துக்குள் தள்ளுவார்கள். பெட்டிகள் உள்ளே போனதும் அத்தனை பேரும் இரும்புப் படியேறி மேல்தளத்துக்கு ஓடுவார்கள். கறி வைத்துப் பொரித்த சோற்றுருண்டை, அரஞ்சீனி, அங்கே கிடைக்கும். அதைக் கடித்தால்தான் எங்கள் ஆட்களுக்கு ஊர் வந்த மாதிரி.

சித்தி மட்டும் ஒன்பது வருடமாக மேலே போனதில்லை. அரஞ்சீனி விற்பவர் அவள் தம்பி தானோ மாமா.

அவர்கள் அப்பா இறந்தபோது, "நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க" என்று சித்தி தம்பிக்குத் தந்தி அடித்திருந்தாள். பலத்த தென்காற்றில் கப்பல்கள் நின்றுபோயின. அவள் ஊர் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

இந்த முறை ரயில் காவலர் எட்டிப் பார்த்தார். "வெனேராம்மா, தானோவுக்கு இதுதான் கடைசி மாசம். ஓய்வு வாங்கிட்டு ஜெனோவாவுல மகன் வீட்டுக்கே போறாராம்."

"போனா போகட்டும்."

காவலர் போனார். சித்தி கைக்குட்டையை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இங்க புழுக்கமா இருக்கு," என்று எழுந்தாள். "காத்து வாங்கத்தான் போறேன். வேற எதுக்கும் இல்ல."

காற்று வாங்கப் போனவள் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் தானோ மாமாவின் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது.

"போட்டதெல்லாம் தீந்துபோச்சு. பொரிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்."

"காத்திருக்கேன். நம்ம வீட்டுல எனக்காவது காத்திருக்கத் தெரியுமே."

பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா நான்கு உருண்டைகளை எண்ணெயில் போட்டார். திரும்பாமலே பேசினார்.

"அப்பாவக் கல்லறை வாசல்லயே ரெண்டு மணி நேரம் நிறுத்தி வச்சேன்க்கா. தூக்கினவங்க திட்டினாங்க. பாதிரியார் இன்னொரு சாவுக்குப் போகணும்னார். கப்பல் விடுவாங்களா மாட்டாங்களான்னு யாருக்கும் தெரியல."

"இத ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல விட்ட? கதவத் தட்டினா உள்ளேருந்து ஜெர்மன்ல திட்டின. எனக்கு என்ன புரியும்?"

சித்தி எண்ணெயையே பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரமா?"

"ரெண்டே கால்."

"இன்னும் ஒரு நாலு மணி நேரம் நிறுத்தியிருக்கலாம்," என்றாள். குரலில் பழைய காரம் இல்லை.

அக்கரை நெருங்கவே, பயணிகள் பெட்டிகளுக்குத் திரும்பும்படி ஒலிபெருக்கி கத்தியது. உருண்டைகள் இன்னும் சிவக்கவில்லை.

"சித்தி, ரயில் போயிடும்!"

"போகட்டும். என் பெட்டிய மிலாஸோவுல இறக்கி வையி. சிகரெட்ட உங்கப்பன் கண்ணுல காட்டிடாத."

நான் மட்டும் இறங்கி ஓடினேன். எஞ்சின் எங்களைக் கப்பலிலிருந்து வெளியே இழுத்ததும் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். மேல்தளக் கம்பியோரம் அக்காவும் தம்பியும் நின்று, காகிதத்தில் சுற்றியதை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்கள்.

சாயங்காலப் பேருந்தில் இருவரும் வந்தார்களாம். வீட்டு நிறுத்தத்துக்கு முன்னாலேயே, கல்லறைத் தோட்டத்தில் இறங்கிவிட்டார்கள் என்று நடத்துநர் வந்து சொன்னார்.