ஐந்தாம் நாள் தட்டு

ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களுக்குச் சாப்பாடு போடுவதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. செல்கள் வளரும் தட்டுகளில் சிவப்பாக ஊற்றிய ஊட்டத் திரவம் இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும். அவை தின்று கழித்த மஞ்சள். மூடியைத் திறந்து அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவாள். 'சமையல்காரம்மா' என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

பேராசிரியர் சொன்னபடி, சில தட்டுகளுக்கு மட்டும் ஒரு சத்தை நிறுத்தினாள். டி.என்.ஏ.வைப் படியெடுக்கச் சரக்கில்லாமல் செல்கள் பாதியில் நின்றுபோயின. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "புற்றுநோயைப் பட்டினி போடலாம்" என்று ஒரு நிருபரிடம் சொல்லிவிட்டார். தட்டைப் பிடித்திருந்த அவள் கையை நிருபர் படமெடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் சத்தைத் திரும்ப ஊற்றியதும் நடந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை. செத்தவற்றின் கூழுக்கு நடுவே பிழைத்துக் கிடந்தவை, அடித்துப் பிடித்துக்கொண்டு படியெடுக்கத் தொடங்கின. உடைசலும் பிழையுமாக, முன்னைவிட முரட்டுத்தனமாக வளர்ந்தன. அவள் அதைப் படமெடுத்து வைத்தாள்.

செய்தி வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறன்று அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்த அக்கா எலும்பும் தோலுமாக நின்றாள்.

"என்னக்கா இது கோலம்?"

"ஊசிய நிறுத்திட்டேன்டி. மூணு வாரமா வெறும் சாறுதான். சாப்பிட்டா கட்டி வளருமாம். உன் மாமாதான் அந்த வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு."

அக்கா ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினாள். அதில் அந்தச் செய்தி. பக்கத்தில், தட்டைப் பிடித்திருக்கும் உறை போட்ட ஒரு கை.

"உன் கைதானே? அதனாலதான் நம்பினேன்."

மறுநாள் காலை வைத்தியரின் அறைக்குப் போனாள். புளித்த சாற்றின் வாடை, ஈக்கள், சுவரோரம் கன்னம் ஒட்டிப்போன எட்டுப் பேர். உள்ளே அவர் கறித்துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். தாடையில் எண்ணெய் வழிந்தது.

"உங்க பேராசிரியர் சொன்னதத்தானே நானும் சொல்றேன்?" என்றார், மெல்லுவதை நிறுத்தாமல்.

அவள் வெளியே வந்து காத்திருந்தவர்களிடம் சொன்னாள்: "அந்தப் படத்துல இருக்கிறது என் கைதான். தட்டுல சத்த நிறுத்தலாம். உங்க உடம்புல அப்படி முடியாது. நீங்க சாப்பிடலேன்னா மொதல்ல கரையறது நீங்கதான். ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஒரே ஒரு பெண் எழுந்து வந்தாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எவனோ செஞ்சதுக்கு நான் என்ன பண்றது?" என்று, நடந்ததை அவள் சொன்னதும் பேராசிரியர் கையை விரித்தார். ஐந்தாம் நாள் படங்களை அவளே பத்திரிகைக்கு அனுப்பினாள். ஒரு மூலையில், நான்கு வரியில் போட்டார்கள். அன்றிலிருந்து பேராசிரியர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

அதற்குள் அக்காவின் கட்டி வளர்ந்திருந்தது. எடை ஏறினால்தான் மறுபடி ஊசி என்றார் டாக்டர். தினமும் வேலை முடிந்ததும் அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். ஏழாவது வாரம் ஊசி தொடங்கியது. மாமா வாசலோடு நின்று, "இன்னைக்கு எவ்வளவு சாப்பிட்டா?" என்று கேட்பார். அவர் முகத்தைப் பார்க்காமலே அவள் பதில் சொல்வாள்.