எத்தனை குறுக்கம் பாயும்?

துரைப்பாண்டி அண்ணாச்சி படகில் ஏறியதிலிருந்து வலது கையைக் காயல் தண்ணீரில் விட்டபடியே வந்தார். ஆலப்புழையின் தென்னைகள் தலைகீழாக மிதந்துவந்து அவர் விரல்களில் கலைந்தன. எங்கள் வேனில் வந்தவர்கள் எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் என்னைக் கேட்டார். "இந்தத் தண்ணி எத்தன குறுக்கம் பாயும்வே?"

குறுக்கம் என்பது எங்கள் பக்கத்து நிலக்கணக்கு; தண்ணீரை அவர் நிலத்தால்தான் அளப்பார். காலையில் கடற்கரையிலும் இதே கேள்வி. "அது உப்புத்தண்ணி, அண்ணாச்சி" என்று நான் சொன்னதும் முகம் தொங்கிவிட்டது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் குழாய் சொட்டினால், கிளம்பிய டவுன் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப்போய் மூடிவிட்டு வருகிற மனிதர். கண்டக்டர்கள் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டார்கள்.

இளையரசனேந்தல் பக்கம் அவருக்கு நாலு குறுக்கம் கரிசல் நிலம். கிணறு கிடையாது. கார்த்திகை பிறந்தும் மழை இல்லை. பூவெடுக்கிற நேரத்தில் மக்காச்சோளம் சுருண்டு நின்றது. அந்த வாரம் பெய்யாவிட்டால் அறுத்து மாட்டுக்குப் போட வேண்டியதுதான். நான் வேலை பார்க்கும் உரக்கடை இந்தச் சுற்றுலாவை ஏற்பாடு செய்தபோது வரமாட்டேன் என்றார். அவர் மனைவி தங்கத்தாய்தான் பையைக் கையில் கொடுத்து அனுப்பினாராம். "வானத்தப் பாத்துக்கிட்டே கெடந்தா பெஞ்சிருமா? போயிட்டு வாரும்."

படகு ஒரு வாய்க்காலுக்குள் திரும்பியது. கரைக்கு அந்தப்பக்கம் ஒரு மோட்டார், வயல் தண்ணீரை உறிஞ்சி வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எழுந்தேவிட்டார். படகு ஆடியது.

"ஏய், நிறுத்தச் சொல்லும்வே! பைப்ப மாத்தி வச்சிருக்கான், தண்ணியெல்லாம் வெளிய போவுது!"

படகுக்காரர் சிரித்தார். "வயல் தாழே கிடக்கு அண்ணா, காயல் மேலே. இறைச்சு வத்தவச்சாத்தான் விதைக்க முடியும்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. "தண்ணி வேண்டாம்னா எறைக்கான்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கை மறுபடி தண்ணீருக்குள் போனது. மோட்டார் சத்தம் தேய்ந்து, துடுப்பின் ஓசை மட்டும் தூக்கம்போல எங்களைச் சூழ்ந்தது.

அப்போது அவருடைய பட்டன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் தங்கத்தாயின் குரலுக்குப் பின்னால் ஏதோ படபடத்தது.

"ஏங்க, தூத்தல் விழுது. தகரத்துல சத்தம் கேக்குதா?"

எங்கள் தலைக்கு மேல் பொட்டு மேகம்கூட இல்லை. அண்ணாச்சி காயலிலிருந்து கையை எடுத்து, ஈரம் போக வேட்டியில் துடைத்து, படகுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையை வானத்துக்கு விரித்து வைத்துக்கொண்டார்.