வால் ஒட்டாத பத்து நாள்

எங்க தெரு முழுக்க சுவரோட சுவர் ஒட்டின வீடுங்க. பக்கத்து வீட்டு எனிட் தும்மினா எனக்குக் கேக்கும். லங்காஷயர்ல பாதி ஊர் இப்படித்தான்.

எனிட் ஆஸ்பத்திரியில டைப்பிஸ்ட். டாக்டருங்க டேப்ல பேசி அனுப்புறத காதுல மாட்டிக்கிட்டு கடிதமா அடிக்கணும். இருபத்திரெண்டு வருஷமா அதே நாற்காலி. படிப்பு பதினஞ்சு வயசோட சரி, ஆனா எந்த நீட்டு வார்த்தைக்கும் அசர மாட்டா. என்கிட்ட சொல்வா:

"ரெண்டா ஒடிடி எட்னா. தலை எந்த இடம்னு சொல்லும், வால் என்ன கேடுன்னு சொல்லும். கேஸ்ட்ரோன்னா வயிறு. ஐட்டிஸ்னா வீக்கம். எக்டமின்னா வெட்டி எடுத்தாச்சு. ஓமான்னா கட்டி."

வீட்டுலயும் அதே விளையாட்டுதான். நாத்தனார் வந்தா, "எனக்கு நாத்தனாரைட்டிஸ்"னுவா. புருஷன் வில்ஃப் தலையில முடி கொட்டினப்போ, "சீப்பெக்டமி பண்ணிடலாம்"னு சீப்பைத் தூக்கிப் போட்டா. அவரும் விழுந்து விழுந்து சிரிப்பாரு.

எண்பத்தி நாலு ஆகஸ்ட்ல ஒரு திங்கக்கிழமை, நான் துணி காயப்போடுறேன், இவ கொல்லைச் சுவரைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறா. மூஞ்சி மாவு மாதிரி.

ஆஸ்பத்திரியில ஒரு பெரிய டாக்டர் நோயாளி பேரே சொல்ல மாட்டாராம். நம்பரைச் சொல்லிட்டு மடமடன்னு பேசுவாராம். அடிச்சு முடிச்சப்புறம் நம்பரைப் பாத்து ஃபைலை எடுத்து பேரைப் போடணும். ஏழாவது கடிதத்தை ஒரு தப்பில்லாம அடிச்சிருக்கா. ஃபைலை எடுத்தா, வில்ஃப்ரட் டாட்டர்சால். வயித்து வலின்னு டெஸ்ட்டுக்குப் போயிருந்த அவ புருஷனேதான்.

"வால் ஓமா. அதுக்கு முன்னாடி கார்சின் ஒட்டியிருக்குடி. அது ஒட்டினா கெட்ட கட்டி."

"சொல்லித் தொலையேன் அவருகிட்ட!"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், அங்க பாத்தது எதுவும் வெளிய வரக்கூடாதுன்னு. உன்கிட்ட சொன்னதே தப்பு. டாக்டர் இந்த வியாழன் இல்ல, அடுத்த வியாழன்தான் சொல்வாரு. நான் சொன்னா, 'பொழைப்பேனா'ன்னு கேப்பாரு. அதுக்கு எந்த வார்த்தையிலயும் வால் கிடையாதே எட்னா."

பத்து நாள். பாவி மனுஷன் தோட்டத்துல செப்டம்பர் காய்கறிப் போட்டிக்கு லீக்ஸ் வெங்காயத்தாள் வளக்குறாரு, தினமும் நாடா வச்சு அளக்குறாரு. இவ தினமும் கஸ்டர்ட் காய்ச்சிக் குடுக்கிறா. ஞாயித்துக்கிழமை தவிர கஸ்டர்டே கண்ணுல காட்டாதவ! நானும் அவரைப் பாக்கிற இடத்துல எல்லாம் குனிஞ்சு செருப்பைத் தேடுவேன்.

ஒம்பதாம் நாள் புதன்கிழமை சாயங்காலம். அவ பலகாரம் சுட்டுக் குடுத்த தட்டைத் திருப்பிக் குடுக்கலாம்னு அவங்க அடுக்களைக்குப் போனேன். வில்ஃப் மேசைக்கிட்ட உக்காந்திருக்காரு, முன்னால தொடாத கஸ்டர்ட். இவ முதுகைக் காட்டிக்கிட்டு பாத்திரம் தேய்க்கிறா.

"ஏ புள்ள. போன மாசம் எனக்கு இருமல் வந்தப்போ என்ன சொன்ன?"

"ஞாபகமில்ல."

"புகையைட்டிஸ்னு சொன்ன. முழங்காலு புடிச்சப்போ தோட்டமைட்டிஸ். இத்தனை வருஷத்துல என் வலிக்கு வால் ஒட்டாம நீ விட்டதே இல்ல. ஒம்பது நாளா வயித்தைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு வாலும் காணோம்."

குழாயை மூடல அவ. தண்ணி வழிஞ்சு தரையில கொட்டுது.

"தலை வயிறுன்னு எனக்கே தெரியும். வாலை நீ சொல்ல வேணாம், வேலை போயிடும். நான் சொல்றேன், சரின்னா நீ சிரி. ஐட்டிஸ்?"

அவ சிரிக்கல. எனக்குத் தட்டை எங்க வைக்கிறதுன்னு தெரியல.

"சரி," அப்படின்னாரு. கஸ்டர்டைக் கிட்ட இழுத்தாரு. "எட்னா, நின்னது போதும், குழாயை மூடும்மா. ஆஸ்பத்திரிக்கு நாளைக்குத்தானே போகணும். இன்னைக்கு யாரும் எதுவும் சொல்லல."

மூடினேன். எனிட் ஈரக் கையோட அவர் பக்கத்துல வந்து உக்காந்தா. ரெண்டு பேரும் ஒரே கிண்ணத்துல தின்னாங்க.