மாமா சொன்ன சாட்சி

என் வலது கை மணிக்கட்டோடு போனது முந்திரி உடைக்கும் மெஷினில். அண்ணாகிராமத்துப் பக்கம், எங்கள் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்ட ஒரு கம்பெனி. அங்கே மேஸ்திரியாக இருந்தவர் என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். பிளேடை மறைக்கும் மூடி அடிக்கடி சிக்குகிறது, வேலை சுணங்குகிறது என்று முதலாளி அதைக் கழற்றச் சொன்னார். ஸ்பேனர் எடுத்துக் கழற்றியவரும் மாமாதான். மூன்றாம் நாள் என் கை உள்ளே போனது.

வழக்குப் போட்டேன். அப்படி ஒரு பெண் எங்களிடம் வேலையே செய்யவில்லை என்று கம்பெனி பதில் போட்டது. அதற்கு ஆதாரமாக மாமா எழுதிக்கொடுத்திருந்தார்: நான் வீட்டில் சொந்தமாக மெஷின் வைத்திருந்தேனாம், அதில்தான் அடிபட்டேனாம். வக்கீல் அதைப் படித்துக் காட்டியபோது காகிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பள்ளிக்கூட ரேங்க் கார்டில் அப்பா இல்லாத குறைக்குப் போட்ட அதே கையெழுத்து.

அதற்கு முன்பே, சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், பக்கத்துக் கட்டில் அம்மாளைப் பார்க்க அவருடைய கிறிஸ்தவ சபைப் பெண்கள் வருவார்கள். போகும்போது எனக்கும் சேர்த்து ஜெபம் செய்வார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து வளர்ந்தவள் நான். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். ஒருநாள் அவர்களில் ஒருத்தி கட்டுப்போட்ட என் கையைப் பார்த்து, "அவருக்கும் கையிலதாம்மா ஆணி அடிச்சாங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. போர்வைக்குள் அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன். என் வலி தெரிந்த ஒரு கடவுள் இருக்கிறார் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

நான் ஞானஸ்நானம் எடுத்ததைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். வழக்கைத்தான் பொறுக்கவில்லை. "என் தம்பிய கோர்ட்டுல ஏத்துறவ என் வீட்டுல இருக்கக் கூடாது" என்றாள். சிதம்பரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். இடது கையால் எழுதப் பழகினேன். கீழ வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது.

ஜெபத்தில் நான் என்ன கேட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மாமாவின் வலது கையைக் கேட்டேன். ஒவ்வொரு காலையும், பல் துலக்குவதற்கு முன்பே, அதைத்தான் கேட்டேன். அந்தக் கை அதே பிளேடில் நசுங்குவதை விரல் விரலாக மனதில் ஓட்டிப் பார்ப்பேன். பயந்துபோய்ச் சபைப் போதகரிடம் சொன்னேன். மன்னித்துவிடு என்பார், எழுந்து வந்துவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "மன்னிக்க முடியலன்னா முடியலன்னு ஆண்டவர்கிட்டயே சொல்லு. கேக்கறத நிறுத்திடாத. நீ வேற யார்கிட்ட போய்க் கத்துவ?" என்றார்.

அப்படியே கத்தினேன். கத்திவிட்டு, வாய்தா நாட்களில் கடலூர் பஸ் ஏறினேன். போகும்போது வாய்க்குள் ஜெபம், திரும்பும்போது அடுத்த தேதி. நாலு வருஷம் ஒரு வாய்தாவையும் விடவில்லை. என் வக்கீலே சலித்துப்போனார். எனக்குச் சலிக்கவில்லை. விடியும்போது எல்லாவற்றையும் ஆண்டவர் காலடியில் கொட்டிவிடுவதால் பகல் முழுக்க நிமிர்ந்து நிற்க முடிந்தது.

நாலாவது வருஷம் ஒரு நடுவயது அம்மா கடைக்கு வந்து இரண்டு ஜாதகங்களை நீட்டினார். நகல் எடுக்கும்போது ஒன்றில் எங்கள் ஊர்ப் பெயர். அதற்குக் கீழே மாமா பெயர். மாமா மகளுக்கு இடம் பார்க்கிறார்கள்.

"இது எங்க ஊரு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா கிட்ட வந்தார். "அப்படியா? நல்லதாப் போச்சு. பொண்ணு எப்படிம்மா? குடும்பம்லாம்?"

இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று உடம்பு சொன்னது. ஒரே ஒரு வார்த்தை போதும். கர்த்தாவே, இப்படியா என் கையில் கொடுப்பீர் என்று கேட்டேன். அந்தப் பெண் எனக்கு என்ன செய்தாள்? கட்டோடு இருந்தபோது எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள் ஒருத்திதான்.

"பொண்ணு தங்கம். தைரியமாக் கட்டுங்க."

"அப்பா?"

"அவரு எங்க மாமா. பொண்ணப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

கோபம் போய்விடவில்லை. அது போய்ச் சேரவேண்டிய ஆளுக்காக எடுத்து வைத்தேன்.

மாமாவைக் குறுக்கு விசாரணை செய்யும் நாள் வந்தது. கடலூர் கோர்ட் வாசலில் அவரே என்னிடம் வந்தார். நிச்சயம் முடிந்திருந்தது.

"நல்லா சொன்னியாமே, மாப்ள வீட்டுல சொன்னாங்க" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"பொண்ணப் பத்திச் சொன்னேன். உன்னப் பத்திச் சொல்ல இதான் எடம்."

"மொதலாளி வேலைய விட்டுத் தூக்கிடுவாரு. கல்யாணம் வருதும்மா."

வெட்டுப்பட்ட கையை மூடியிருந்த துப்பட்டாவை விலக்கினேன். "தூக்கட்டும் மாமா. இதப் பாத்துக்கினே பொய் சொல்லு. பாக்கலாம்."

கூண்டுக்கு நேராக, அவர் கண்ணில் படும்படி, கையை முன்னால் வைத்து உட்கார்ந்தேன். என் வக்கீல் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார், பின்வரிசையில் இருந்த முதலாளியைப் பார்த்தார். "அங்கதாங்க வேல செஞ்சா. மூடிய நாந்தான் கழட்டுனேன். அவரு சொல்லித்தான்" என்றார். முதலாளி எழுந்து வெளியே போனார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. மாமாவுக்குச் சாட்சி சொன்ன அன்றைக்கே வேலை போயிருந்தது. இப்போது பண்ருட்டியில் பலாப்பழ மண்டியில் சுமை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். கேட்டதும் நெஞ்சில் ஒரு இனிப்பு பரவியது. அதையும் ஒளிக்காமல் ஆண்டவரிடம் சொன்னேன். சந்தோஷமாக இருக்கிறது, இது தப்பென்றால் நீரே எடுத்துப்போடும் என்று. இன்னும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரும் சேர்ந்து ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சொல்வார்கள். பிறரை மன்னிப்பது பற்றிய இடம் வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். அடுத்த வரிக்கு மறுபடி சேர்ந்துகொள்கிறேன்.