பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

அண்ணன் இறந்த பிறகு அண்ணி பேச்சைக் குறைத்துக்கொண்டார். ரயில்வே ஆபீசுக்குப் போவார், வருவார், சமைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் மட்டும், "வரியா, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்" என்று என்னைக் கூப்பிடுவார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக இருவரும் சைக்கிளில் போவோம்.

அவருடையது கியர் இல்லாத சைக்கிள். ஒரே நிதானமாக மிதிப்பார். என்னுடையது கியர் வண்டி, அதில்தான் தொல்லை. பின்சக்கரத்தில் பதினைந்து பல் வட்டுக்கு அடுத்தது பதினெட்டுப் பல். அண்ணியின் வேகத்தில் போனால், பதினைந்தில் முழங்கால் கனக்கும். பதினெட்டில் கால்கள் தையல் மெஷின் மாதிரி படபடக்கும். என் கால் தனக்குத் தோதான வேகத்தைத் தேடி முன்னால் ஓடிவிடும், இல்லையென்றால் பின்தங்கும்.

"எங்கமா ஓடிக்கினே கீற?" என்பார் அண்ணி.

வண்ணாரப்பேட்டை சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னேன்.

"இது மலை ஏறுறதுக்குப் போட்ட செட்டு யக்கா. நம்ம ரோடு பூரா தரைதான். பல்லு நெருக்கமா கீற செட்டு போட்டா காலுக்குச் சரியா வரும். பிரிட்ஜு ஏறும்போதுதான் பேஜாரு."

பரவாயில்லை என்றேன். பதினைந்து, பதினாறு, பதினேழு என்று ஒவ்வொரு பல்லாகக் கூடும் செட்டை மாட்டினார்.

அடுத்த ஞாயிறு பனி மூடியிருந்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. கடல் எங்கே முடிகிறது என்று தெரியாததால் கப்பல்கள் வானத்தில் நின்றன. பதினாறில் போட்டேன். கால் கனக்கவில்லை, பறக்கவும் இல்லை. மிதிக்கிறேன் என்பதே மறந்துபோனது. அண்ணியின் கைப்பிடியும் என் கைப்பிடியும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்து வந்தன. மேம்பாலத்தில் மட்டும் மூச்சு வாங்கி இறங்கித் தள்ளினேன். அண்ணியும் இறங்கிக்கொண்டார்.

திருவொற்றியூர் தாண்டியதும், "உங்க அண்ணன் தூக்கத்துல பாடும், தெரியுமா?" என்றார்.

"தெரியாது அண்ணி. என்ன பாட்டு?"

"யாருக்குத் தெரியும். ஒரு வார்த்தை புரியாது. நானும் எழுப்ப மாட்டேன். கேட்டுக்கினே படுத்திருப்பேன்."

நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. எண்ணூர் முகத்துவாரம் வரும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பனிக்குள் பாதி கரைந்திருந்தன.

இப்போது ஞாயிறுதோறும் அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்கிறார். போன வாரம் சொன்னது: கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் இவருக்காகக் காத்திருந்தபடியே அண்ணன் தூங்கிப்போனாராம். இவர் டிபன் பாக்ஸைக் காதருகே தட்டி எழுப்பினாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். கடல்காற்று அந்தச் சிரிப்பை என் பக்கமாகவே கொண்டுவந்தது.