சுருமாகியின் இடுக்கியில் என்ன குறை?

சன்ஜோ ஊரில் நகவெட்டி செய்துகொண்டிருந்த சுருமாகி எய்கிச்சி, 1979இல் ஓர் இடுக்கியைக் கண்டுபிடித்தார். அறுவை சிகிச்சையில் தையல் போடும்போது ஊசி வழுக்காமல் பிடித்துக்கொள்வது அது. அந்தக் காப்புரிமையில் வந்த பணத்தைக்கொண்டு ஆண்டுக்கு ஓர் இளம் அறுவை மருத்துவரைப் படிக்கவைப்பதாக 1998இல் அறிவித்தார். விண்ணப்பத்தில் ஒரே கேள்விதான்: என் இடுக்கியில் என்ன குறை?

ஆறு ஆண்டுகளில் எழுபத்தொரு பேர் விண்ணப்பித்தார்கள். எழுபத்தொரு பேரும் குறையே இல்லை என்று எழுதினார்கள். கொடுப்பவரின் பொருளை அவரிடமே குறை சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. உதவித்தொகை யாருக்கும் போகவில்லை. ஏழாம் ஆண்டும் ஆள் கிடைக்காவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாக, அதை நடத்திவந்த பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. சுருமாகிக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஒருவரையாவது படிக்கவைத்துவிட்டுத்தான் சாகவேண்டும் என்று இருந்தார்.

2004 நவம்பர் 9, செவ்வாய், நேர்காணல். குறிப்பெடுத்தது பல்கலைக்கழக எழுத்தரான நான். பதினோரு பேர் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாவதாக வந்தவர் ஹொன்மா சிசுரு. சிறிய உருவம். இடுக்கியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஐயா, கைப்பிடி பெருசு. மூணு மணி நேரம் தைச்சா கட்டைவிரல் மரத்துப்போகுது."

நேர்காணல் குழுவிலிருந்த பேராசிரியர் கசஹாரா கனைத்தார். "ஏம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பேசு."

"ஒரு வருஷமா யோசிச்சிட்டுத்தான் சார் வந்திருக்கேன்."

சுருமாகியின் முகம் சிவந்துவிட்டது. "யார் கைய அளந்து செஞ்சேன்னு தெரியுமா உனக்கு? என் கைய!"

"அதத்தாங்க ஐயா நானும் சொல்றேன்."

 சுருமாகி ஒரு தாளை நகர்த்தி, ஹொன்மாவின் கையை அதன்மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்தார். உதவித்தொகை அவருக்கே என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

வீட்டில் சுருமாகியின் மனைவி பூசா அந்தத் தாளைப் பார்த்தார். "உங்க நகவெட்டி என் கைக்குப் பெருசுன்னு முப்பது வருஷமா கத்துறேன். எனக்கும் ஒரு உதவித்தொகை குடுங்க."

மறு ஆண்டு, அந்தத் தாளின் அளவுக்குச் செய்த சிறிய இடுக்கியை விண்ணப்பப் படிவத்தோடு அனுப்பினோம். ஹொன்மா சொன்ன பதில் அதற்குள் எல்லா மருத்துவமனைகளுக்கும் எட்டியிருந்தது. பத்தொன்பது பேர் விண்ணப்பித்தார்கள். பத்தொன்பது பேரும் கைப்பிடி பெரிது என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பல்கலைக்கழக ரக்பி அணியில் ஆடியவர். உயரம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்.

அந்த ஆண்டு உதவித்தொகை யாருக்கும் வழங்கப்படவில்லை.